அமலோற்பவம் கொல்லம் போனது

பேதி மருந்துக்காகும் நிலாவாரை இலையைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கியில் வேலை பார்க்கிற பெண்களைப் பற்றித் தூத்துக்குடியில் ஒரு கேலி உண்டு. 'அவளுகளுக்கு எதுக்குப்பா பேதி மருந்து, மூச்சு விட்டாலே வயிறு சுத்தமாயிரும்' என்பார்கள். கேலியில் பொய் அதிகமில்லை. தேரிக்காட்டுப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இலை. அதைத் தரையில் கொட்டி, காம்பு தனி, காய் தனி, பழுப்பு தனி, பச்சை மாறாத இலை தனி என்று பிரிக்க வேண்டும். பிரிக்கையில் பறக்கிற தூசி தொண்டையில் இறங்கினால் அன்றைக்குக் கொல்லைப்பக்கம் நாலு நடை நடந்தே தீரவேண்டும். புதிதாகச் சேர்ந்தவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள். தாங்கிவிட்டால் அப்புறம் இரும்பு வயிறுதான்.

அமலோற்பவத்துக்கு இரும்பு வயிறு வாய்த்து ஏழு வருசம் ஆகிறது. அவளுக்கு வலப்பக்கம் அல்போன்சா உட்காருவாள். நாற்பத்தைந்து வயது விதவை, தோணிக்காரன் பெண்டாட்டியாக இருந்தவள், வாய் ஓயாது. இடப்பக்கம் சீனித்தாய். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருசன் கருப்பட்டிக் கடையில் நிறுவைக்கு நிற்கிறான். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தால், கண்ணை வைத்துத்தான் யார் யாரென்று தெரியும்.

எழுபத்தைந்தாம் வருசக் கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம், பொங்கலுக்கு மூன்று நாள் கிட்டங்கி பூட்டு என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அல்போன்சா ஆரம்பித்தாள்.

"ஏளா, மூணு நாளு வீட்டுல கெடந்து என்னத்தக் கிழிக்கப் போறோம்? கொல்லத்துக்குப் போவமா?"

"கொல்லத்துக்கா?" என்றாள் சீனித்தாய். "அங்க என்னக்கா இருக்கு?"

"எங்க சின்னம்மா மவ பிளாரன்ஸ் இருக்கா. கடப்பொறத்துல வீடு. வா வான்னு பத்து வருசமாக் கடுதாசி போடுதா. திருநவேலில ரயிலு ஏறுனா மலைக்குள்ள குடைஞ்சு குடைஞ்சு போவுதாம். குகைக்குள்ள போனா பட்டப்பகல்ல கண்ணு தெரியாதாம்."

"கடலுதான இருக்கும் அங்கயும்? நமக்கு இங்க இல்லாத கடலா?"

"போட்டீ இவளே. இங்கன இருக்கது பொழைப்புக் கடலு. அங்கன இருக்கது வேடிக்கைக் கடலு. இங்க குளம் மாதிரிக் கெடக்கு. அங்க ஒவ்வொரு அலையும் ஓட்டுவீடு ஒசரத்துக்கு வரும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாவ. சூரியன் கடலுக்குள்ள போயி விழுமாம்."

சீனித்தாய் பிரித்த இலையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வாய் பார்த்தாள். அவள் ரயில் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கிறாளே தவிர ரயிலுக்குள் கால் வைத்ததில்லை.

"நான் வாரேன்" என்றாள். "அவுககிட்டக் கேட்டுக்கிடுதேன். அமலோற்பவக்கா?"

அமலோற்பவம் தலை நிமிரவில்லை. "போயிட்டு வந்து சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்."

அதற்குமேல் அவளை யாரும் வற்புறுத்தவில்லை. காரணம் தெரிந்ததுதான்.

அவள் புருசன் அம்புரோஸ் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கட்டிலில் கிடக்கிறான். அறுபத்தொன்பதில் நடந்தது. அப்போது புதுத் துறைமுகம் வரவில்லை. கப்பல் கரைக்கு வராமல் தூரக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை வாங்கிவரும். கப்பல் மேல்தட்டில் பளு தூக்குகிற விஞ்சு ஓட்டுகிறவன், கைகாட்டுகிறவனின் சைகையைப் பார்த்து மூட்டைக் கட்டைத் தூக்கி இறக்குவான். கீழே தோணியில் நிற்கிறவர்கள் பிடித்து அடுக்குவார்கள். ஒருநாள் மத்தியானம் கட்டு ஒன்று சைகைக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. அம்புரோஸ் அதற்கு அடியில் குனிந்து நின்றான்.

அன்றைக்கு விஞ்சு ஓட்டியவன் பெயர் மாடக்கண்ணு. ஆஸ்பத்திரிக்கு அவன் வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. ஒருதரம் மார்க்கெட்டில் எதிரே வந்தவன் அமலோற்பவத்தைக் கண்டதும் மீன்கூடைகளுக்கு ஊடே புகுந்து அந்தப்பக்கம் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் வாயில் அவனுக்குப் பெயர் இல்லை. 'அந்தச் சவத்துமூதி' என்றால் அம்புரோஸுக்கும் தெரியும், அவர்கள் குடியிருக்கும் திரேஸ்புரத்துத் தெருவுக்கே தெரியும்.

கட்டிலில் கிடக்கிறவனை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரியும் இரண்டு தரம் எழும்பிப் புரட்டுவாள். கிட்டங்கி இரண்டு தெரு தள்ளி என்பதால் பத்து மணிக்கு ஒரு ஓட்டம், மத்தியானம் ஒரு ஓட்டம் வந்து போவாள். மலம் எடுப்பது, துடைப்பது, பவுடர் போடுவது, வாழை இலையை விரித்து அதன்மேல் கிடத்துவது எல்லாம் அவள்தான். ஒரே மகளை மணப்பாட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. இந்த ஏழு வருசத்தில் அமலோற்பவம் ஒரு ராத்திரிகூட அந்த வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. மகள் பிள்ளை பெற்றபோதுகூடக் காலையில் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிட்டாள்.

சீனித்தாய்க்குச் சூது தெரியாது. அவள் குடியிருக்கும் வளவுக்கு எதிர்வீடுதான் மாடக்கண்ணு வீடு. கொல்லம் போகிற சந்தோசத்தில் அவன் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். 'பாவம், அமலோற்பவக்காவால மட்டும் வர முடியாது, அண்ணனைப் பாத்துக்கிட ஆளில்லை' என்றும் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டுக்கு ஓடுவதற்காக அமலோற்பவம் கிட்டங்கி வாசலுக்கு வந்தபோது வேப்பமரத்தடியில் மாடக்கண்ணு நின்றான். உப்பளத்து வெயில் அவனைக் கரிக்கட்டையாக்கியிருந்தது. காலில் உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாக வெடிப்பு.

"மைனி" என்றான்.

அவள் நின்றுவிட்டாள்.

"அண்ணனை அந்த மூணு நாளும் நான் பாத்துக்கிடுதேன். நீங்க போயிட்டு வாருங்க."

"யாரு? நீரா?" அவள் குரல் உள்ளேயிருந்த பெண்களுக்கெல்லாம் கேட்டது. "நீரு பாத்தது போதாதா? ஏழு வருசத்துக்கு முன்னால ஒருதரம் பாத்தீரே, அந்தப் பார்வைக்கே இன்னும் பீ அள்ளிக்கிட்டு இருக்கேன். மிச்சம் இருக்க உசுரையும் எடுக்கணுமா?"

அவன் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு போய்விட்டான்.

சீனித்தாய் அழுதாள். அமலோற்பவம் அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. இலை பிரிக்கிற இடத்தில் மூன்று பேரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கணக்கப்பிள்ளையே பயந்துபோனார்.

அல்போன்சா மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் கொஞ்சம் ஊளி மீனைக் கொண்டுபோய் அமலோற்பவத்தின் குசினியில் வைத்துவிட்டு, கட்டில் பக்கம் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அம்புரோஸ் இலங்கை வானொலியைத் தணித்தான். நடந்ததை ஒன்று விடாமல் அவள் சொல்லிவிட்டாள். குசினியில் மீனின் செதிலை உரித்துக்கொண்டிருந்த அமலோற்பவத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அம்புரோஸ் உத்திரத்தில் கட்டித் தொங்கிய கயிற்றைப் பிடித்து உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டான். அந்தக் கயிறுதான் அவன் எழுந்து உட்காருகிற வழி.

"ஏளா, இங்க வா" என்றான்.

அமலோற்பவம் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"அவனை வரச்சொல்லு."

"எதுக்கு?"

"ஏழு வருசமா நீ அவனை வையுத. கட்டு எம்மேலதான விழுந்துச்சு? நான் ஒரு வார்த்தை பேச வேண்டாமா?"

"பேசி என்ன ஆவப்போவுது?"

"அன்னைக்கு விழுந்த பொறவு மல்லாக்கக் கெடந்தேன்லா. மேல பாத்தேன். கப்பல் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு அவன் எட்டிப் பாத்தான். அந்த மொகத்தை நீ பாக்கல. நான் பாத்தேன். அடிபட்டது எனக்கு, அவன் மொகத்துல செத்த களை." பிறகு சொன்னான்: "வரச்சொல்லு."

அமலோற்பவம் மீனுக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளேயிருந்தபடியே, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரச்சொல்லுங்க" என்றாள், அல்போன்சாவிடம் சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமை மாடக்கண்ணு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். நிலையைத் தாண்டாமல் நின்றவனை அம்புரோஸ் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். சீனித்தாயும் அல்போன்சாவும் முற்றத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே" என்றான் மாடக்கண்ணு. "கைகாட்டுறவன் நிறுத்துன்னுதான் காட்டுனான். எனக்கு வெயிலு நேரா கண்ணுல அடிச்சுது. இறக்குன்னு நெனச்சுட்டேன். விசாரணையில நான் இதைச் சொல்லல. கயிறு வழுக்கிட்டுன்னு சொல்லச் சொன்னாவ, சொல்லிட்டேன். ஆசுவத்திரி வாசல் வரைக்கும் மூணு நாளு வந்தேன். படி ஏற முடியல. அதுக்குப் பொறவு விஞ்சைத் தொட்டதில்ல. உப்பளத்துலதான் கெடக்கேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அமலோற்பவம் புருசனின் முகத்தையே பார்த்தாள்.

அம்புரோஸ் தாடையைத் தடவினான். நாலு நாள் முள் கிடந்தது.

"சவரம் பண்ணத் தெரியுமாலே உனக்கு?" என்று கேட்டான்.

"தெரியும்ணே."

"இவ பண்ணுனா கோழிக்கு மயிரு பிடுங்குத மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்."

அதற்கப்புறம் அமலோற்பவம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். முகம் கொடுக்காமல்தான் கொடுத்தாள். இந்தத் தலைகாணி முழங்காலுக்கு நடுவே. இது குதிகாலுக்கு அடியில். புரட்டும்போது தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தனித்தனியாக இழுத்தால் தோல் உரியும். முதுகின் அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பிச் சிவந்தால் பயமில்லை. மலச்சட்டி இது. துணி இது. சுடுதண்ணீரைப் புறங்கையில் ஊற்றிப் பார்க்காமல் கிட்டக் கொண்டுவரக்கூடாது, அவருக்குச் சூடு தெரியாது. மாடக்கண்ணு ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னான். சட்டியை எடுக்கும்போது அவன் முகம் சுளிக்கிறதா என்று அவள் கவனித்தாள். சுளிக்கவில்லை.

"படுக்கையை மாத்தணும். அவுகளை இந்த ஓரத்துக்குப் புரட்டி..." என்று அவள் சொல்லும்போதே, "எதுக்கு மைனி புரட்டணும்?" என்று அவன் குனிந்தான். ஒரு கையை அம்புரோஸின் தோளுக்கடியிலும் மறுகையை முழங்காலுக்கடியிலும் கொடுத்து, அரிசி மூட்டை தூக்குகிறவன் மூச்சை அடக்குவதுபோல் அடக்கி, அப்படியே அவனைக் கட்டிலிலிருந்து எடுத்துவிட்டான்.

ஏழு வருசத்தில் அம்புரோஸைப் புரட்டத்தான் அமலோற்பவத்தால் முடிந்தது. தூக்க முடிந்ததில்லை. தூக்க ஆள் கூப்பிட அவளுக்கு மனசும் வந்ததில்லை. இப்போது அந்த மெலிந்த கால்கள் இரண்டும் காற்றில் தொங்கின.

"படுக்கையை நீங்க மாத்துங்க. நான் அண்ணனை வெயில்ல கொஞ்சம் வைக்கேன்" என்று மாடக்கண்ணு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து முற்றத்துக்கு வந்தான். அல்போன்சா ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தலைகாணியைப் பரத்தினாள். தெருவில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

நாற்காலிக்கு மேலே ஒரு முழ உயரத்தில், மாடக்கண்ணுவின் கையில் கிடந்தபடி, அம்புரோஸ் அவனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்:

"ஏலே, இந்த வாட்டியாவது மெள்ள இறக்குலே."

மாடக்கண்ணுவின் கை உறைந்துபோய் நின்றது. அம்புரோஸ்தான் முதலில் சிரித்தான். தொண்டையில் ஆரம்பித்து வயிறு குலுங்க அவன் சிரித்தான். அல்போன்சா சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மாடக்கண்ணு சிரித்தானா அழுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முட்டையை உமியில் வைப்பதுபோல அவ்வளவு மெள்ள இறக்கினான். இறக்கிவிட்டு நாற்காலிக் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அம்புரோஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தான். சிலுவை நட்ட குருசடிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அதற்கப்பால் வள்ளங்களும், அதற்கப்பால் கடலும்.

"குருசடிக்கு எப்ப லே வெள்ளை அடிச்சாவ? எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றான்.

அமலோற்பவம் உள்ளே போய்ப் படுக்கை மாற்றினாள். வழக்கத்தைவிட அதற்கு அதிக நேரமாயிற்று.

பொங்கலுக்கு முதல்நாள் விடியுமுன் கருக்கலில் மூன்று பேரும் திருநெல்வேலி பஸ் ஏறினார்கள். அல்போன்சா புளிச்சோறும் பொரித்த நெத்திலியும் கட்டியிருந்தாள். சீனித்தாய் ஓலைப்பெட்டி நிறையச் சில்லுக்கருப்பட்டி. அமலோற்பவம் பஸ்ஸிலேயே இரண்டு தரம் இறங்கிவிடுகிறேன் என்றாள். ரயிலில் ஏறிய பிறகும், "பத்து மணி ஆயிருக்கும். இடப்பக்கம் புரட்டியிருப்பாரா?" என்று கேட்டாள்.

"புரட்டியிருப்பான். உன்னையத்தான் புரட்டணும் இப்ப" என்றாள் அல்போன்சா.

செங்கோட்டை தாண்டி முதல் குகைக்குள் ரயில் நுழைந்ததும் சீனித்தாய் வீலென்று கத்தினாள். இரண்டாவது குகைக்கும் கத்தினாள். மூன்றாவதில் வண்டி முழுக்க அவளோடு சேர்ந்து கத்தியது. மலையாளத்துக்காரர் ஒருவர் அவளுக்குப் பழம் கொடுத்தார்.

கொல்லத்தில் இறங்கியபோது நாலு மணி. பிளாரன்ஸ் வீடு கலங்கரை விளக்குப் பக்கம், தென்னைகளுக்கு நடுவே. மரச்சீனிக் கிழங்கை அவித்து, சாளை மீன் குழம்போடு வைத்திருந்தாள். சாப்பிட்டதும், "வாங்க, கடலைப் பாக்கப் போவம்" என்று அல்போன்சா எழுந்தாள். உள்ளறையில் பாய் விரித்திருந்தது. "இந்தா வாரேன். ஒரு நிமிசம் முதுகைச் சாய்ச்சுக்கிடுதேன்" என்று அமலோற்பவம் சாய்ந்தாள்.

அவள் கண் விழித்தபோது வெயில் ஓட்டுக் கண்ணாடி வழியாகப் பாயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சாயங்கால வெயில் இப்படி விழாதே என்று யோசித்தாள். வெளியே பிளாரன்ஸின் பிள்ளைகளை அல்போன்சா கிசுகிசுத்த குரலில் அதட்டுவது கேட்டது. "ஏ, சத்தம் போட்டிய, தோலை உரிச்சிருவேன். அத்தை தூங்குதால்லா." நிலைவாசலில் சீனித்தாய் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஓலை விசிறியால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"மணி என்னளா?"

"பன்னெண்டரை அக்கா."

"என்னைக்கு?"

"பொங்கலு. நேத்து அஞ்சு மணிக்குப் படுத்தீய."

அமலோற்பவத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அறிவுகெட்ட மூதிகளா, எழுப்பினா என்ன? இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்? நீங்களும் எங்கயும் போகாம இங்கனயே கெடந்தியளா?"

"நாங்க எப்படிக்கா போவோம்?" என்றாள் சீனித்தாய். "நீங்க முழிச்சு எங்களைக் காணலன்னா பயந்துருவீயள்லா. அல்போன்சாக்கா மூணு தரம் மூக்குல விரலு வச்சுப் பாத்துட்டாவ, மூச்சு வருதான்னு."

அமலோற்பவம் சீனித்தாயின் கையிலிருந்த விசிறியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரிய துக்கத்தின் அழுகை இல்லை அது. உடம்பு முழுக்க லேசாக இருந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள்போல.

சாயங்காலம் கடலுக்குப் போனார்கள். அலை உண்மையிலேயே பெரிசுதான். சூரியன் விழப்போகிற நேரத்தில் ஒரு மேகம் வந்து மறைத்துக்கொண்டது. அல்போன்சா மேகத்தைப் பார்த்து வைத வசவைக் கேட்டுக் கரையில் நின்ற பாஷை தெரியாதவர்களும் சிரித்தார்கள். மூன்று பேரும் முழங்கால் நனைய நின்றுவிட்டு, வறுத்த கடலை வாங்கித் தின்றுகொண்டு வந்தார்கள். மறுநாள் காலை ரயிலில் திரும்பினார்கள்.

தெருவுக்குள் நுழையும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அமலோற்பவம் கடைசி இருபது அடியையும் ஓடினாள். முற்றத்தில் மாடக்கண்ணு படுக்கைத்துணியை அலசிக்கொண்டிருந்தான். வாசல் ஓரம் நாற்காலியில் அம்புரோஸ் உட்கார்ந்திருந்தான். முகம் மழித்துப் பளபளவென்று இருந்தது. அவள் நேரே போய் அவனைச் சாய்த்து முதுகின் அடியில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள். வெளுத்துச் சிவந்தது. ஒரு கீறல் இல்லை.

"போதுமா சோதனை?" என்றான் அம்புரோஸ். "கொல்லத்துல என்னளா பாத்த?"

குகை, அலை, கலங்கரை விளக்கு எல்லாம் வாய்வரை வந்தது.

"தூங்குனேன்" என்றாள்.

"என்னது?"

"போனதும் படுத்தேன். மறுநா மத்தியானந்தான் எந்திச்சேன்."

"புரட்டணும்னு நடுவுல முழிப்பு வரலையா?"

"வரல." சொல்லும்போது குற்றம் செய்தவள்போல அவள் குரல் தாழ்ந்தது.

அம்புரோஸ் சிரிக்கவில்லை. நிலாவாரைக் கறை ஏறிப்போன அவள் உள்ளங்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். பிறகு முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ஏலே மாடக்கண்ணு, கேட்டியா? இவ தூங்கியிருக்கா லே."

மாடக்கண்ணு பிழிந்த துணியோடு நிமிர்ந்தான். இத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நெசமாவா மைனி?"

"ஆமா" என்றாள் அவள். நன்றி என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். மடியைச் செருகிக்கொண்டு குசினிக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைத்து, வழியில் வாங்கிவந்த மீனைக் கழுவி, புளியைக் கரைக்க எடுத்தவள், உள்ளேயிருந்தே கேட்டாள்:

"குழம்புக்குப் புளி தூக்கலா வேணுமா, கொறச்சலா வேணுமா உமக்கு?"

வெளியிலிருந்து அம்புரோஸின் குரல்தான் வந்தது.

"அவன்கிட்டக் கேக்காத ஏளா. மூணு நாளா புளியை ஊத்தி என் நாக்கைத் தேய்ச்சுட்டான், பாவி. சாப்புட இருக்கச் சொல்லு. நல்ல குழம்பு எப்படி இருக்கும்னு அவனும் தெரிஞ்சுக்கிடட்டும்."